வீட்டிலேயே கார் பராமரிப்பு: பாகங்களையும் கருவிகளையும் எங்கே, என்ன விலைக்கு வாங்குவது?

செப்டம்பர் 14, 2025, காலை (வாசகர் கேள்வி)

என்னிடம் 2014இல் வாங்கிய வேகன் ஆர் பெட்ரோல் வண்டி இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஏழாயிரம், எட்டாயிரம் என்று பில் வருகிறது. ஆயில், ஃபில்டர், பிளக் போன்ற சில்லறை வேலைகளை இனி நானே செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். இணையக் கடையில் 108 உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டி 1,900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கினால் கருவிச் செலவு அத்தோடு முடிந்துவிடும் அல்லவா? பாகங்களை எங்கே வாங்குவது? மொத்தத்தையும் ஐயாயிரத்துக்குள் அடக்க முடியுமா?

செப்டம்பர் 14, இரவு (பதில்)

என் வண்டியிலும் அதே எஞ்சின்தான். 998 சிசி, மூன்று சிலிண்டர். குரோம்பேட்டையில் என் வீட்டு வாசலில் வைத்தே ஆறு ஆண்டுகளாக இந்த வேலைகளைச் செய்துவருகிறேன். அந்த 108 உருப்படிப் பெட்டியை வாங்காதீர்கள். அதில் முக்கால்வாசி நீங்கள் ஒருநாளும் தொடப்போகாத பிட்டுகளும், போல்ட்டின் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட்டுகளில் சின்னஞ்சிறியவையும்தான். மீதமுள்ள கால்வாசியின் இரும்பு மட்டமானதாக இருந்தால், இறுகிப்போன முதல் போல்ட்டிலேயே சாக்கெட்டின் மூலை மழுங்கிவிடும். சாக்கெட் மழுங்கினால் நூறு ரூபாயோடு போகும். போல்ட்டின் தலை மழுங்கினால் வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் வண்டியில் அடிக்கடி கை வைக்கும் அளவுகள் மிகக் குறைவு. பேட்டரி டெர்மினலுக்கும் பிளக் மேலுள்ள காயிலுக்கும் 10 (எல்லாம் மில்லிமீட்டரில்). இடையில் ஆங்காங்கே 12, 14. ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு 17. சக்கர நட்டுக்கு 19. பிளக்குக்கு உள்ளே ரப்பர் வைத்த 16 அளவு நீள சாக்கெட். இந்த ஆறையும், உட்புறம் பன்னிரண்டு முனை இல்லாமல் ஆறு முனை உள்ளவையாகப் பார்த்து, அவற்றைச் சுழற்றும் கைப்பிடியான ஒரு நல்ல ராட்செட்டோடும் ஒரு நீட்டிப்புக் கம்பியோடும் தனித்தனியாக வாங்குங்கள். தாபரியா போன்ற பெயருள்ள கம்பெனிச் சாமானாகவே பாரிமுனைப் பக்கத்துக் கருவிக் கடைகளில் சில்லறையாகக் கொடுக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு ஏறக்குறைய 1,700 ரூபாய் ஆயிற்று. ஒன்றுகூட இன்னும் மழுங்கவில்லை.

எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இப்போதைக்கு வேண்டாம். கை அளவே போதும்.

செப்டம்பர் 15

பாகங்கள் எங்கே என்ற கேள்வி விட்டுப்போயிற்று. சென்னையில் இருந்தால் அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, அதாவது எல்லோரும் சொல்லும் ஜி.பி. ரோடு. வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பாக எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். மாருதி தன் இணையதளத்திலேயே பாக எண்ணையும் விலையையும் போட்டிருக்கிறது. “வேகன் ஆர் ஏர் ஃபில்டர்” என்று கேட்பவருக்குக் கடைக்காரர் தன் கைக்கு எட்டுவதை எடுத்துக் கொடுப்பார். எண்ணைச் சொல்பவருக்கு மாடியேறித் தேடி எடுத்து வருவார். ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 20

“ஃபில்டர் எல்லாம் ஒன்றுதான், 90 ரூபாய்க்குக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்” என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, ஓடி முடித்த இரண்டு ஆயில் ஃபில்டர்களை வைஸில் பிடித்து ஹேக்ஸாவால் சுற்றி அறுத்துப் பார்த்தேன். ஒன்று பாக எண் பார்த்து வாங்கிய கம்பெனி ஃபில்டர்; மற்றொன்று சாலையோரக் கடையில் பெயரில்லாத பெட்டியில் வாங்கியது. வெளியே இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம்.

உள்ளே தாள் மடிப்புகளை எண்ணினேன். கம்பெனி ஃபில்டரில் 52, மற்றதில் 33. எண்ணிக்கையாவது போகட்டும். மலிவு ஃபில்டரின் தாள் ஓரிடத்தில் ஒட்டு விட்டு, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அந்த வழியாக எண்ணெய் வடிகட்டப்படாமலே போய்வந்திருக்கிறது. எஞ்சின் நின்ற பிறகு ஃபில்டரில் உள்ள எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர்த் தட்டு உண்டு. கம்பெனி ஃபில்டரில் அது இன்னும் வளைந்து கொடுத்தது. மற்றதில் அட்டைபோல விறைத்துக் கிடந்தது. அந்த ஃபில்டர் போட்டிருந்த ஐந்து மாதமும் காலையில் வண்டியைக் கிளப்பும்போது இரண்டு மூன்று நொடி “கடகட” என்ற சத்தம் கேட்டதற்கு எனக்கு அன்றுதான் காரணம் புரிந்தது.

இரண்டுக்கும் விலை வித்தியாசம் 70 ரூபாய்.

மலிவு என்பதை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: கம்பெனிப் பாகத்தைச் சர்வீஸ் கூலி இல்லாமல் வாங்குவதுதான் நமக்குக் கிடைக்கும் சலுகை. பாகத்திலேயே பணம் பிடிக்கப் போனால், கூலியில் மிச்சம் பிடித்தது எஞ்சினில் போய்விடும்.

செப்டம்பர் 21

நாமே வேலை பார்த்தால் உத்தரவாதம் போய்விடாதா என்று கோயம்புத்தூர் நண்பர் கேட்டிருக்கிறார். பதினொரு வயது வண்டிக்கு அந்தக் கவலையே இல்லை. புது வண்டிக்காரர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப்பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக உத்தரவாதத்தை நீக்கும் நிபந்தனை கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. நிறுவனங்கள் அதன்மீது மேல்முறையீட்டுக்குப் போயின. ஆணையை நம்பி நடுவாசலில் நின்று வாதாடச் சொல்லவில்லை. உத்தரவாதக் காலம் முடியும்வரை ஏசி ஃபில்டர், வைப்பர், ஏர் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாங்கிய பில்களைப் பத்திரப்படுத்துங்கள் என்பதே என் யோசனை.

செப்டம்பர் 25

விலை பற்றி நான் எழுதியவற்றில் ஒரு திருத்தம். இம்மாதம் 22 முதல் கார் உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம் ஆகிவிட்டது. இதுவரை 28 சதவீதத்தில் இருந்த பேட்டரி, டயர், பிரேக் பேட் போன்றவற்றில் வரிக்கு முன் 100 ரூபாய் உள்ள சாமான் 128க்குப் பதில் 118க்கு வர வேண்டும். ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. எஞ்சின் ஆயிலுக்கு முன்பே 18தான் என்பதால் அதில் மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். பழைய சரக்குப் பெட்டியில் பழைய எம்ஆர்பிதான் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாமல், புது விலை என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். நேற்று நான் கேட்டேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் குறைத்துக்கொண்டார். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் அடங்கிய உச்சவிலை. அதற்குக் கீழே ஐந்து முதல் பத்து சதவீதம் தள்ளிக் கொடுப்பது ஜி.பி. ரோட்டில் வழக்கம்தான்.

அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜைக்காகக் கருவிகளையெல்லாம் துடைத்துச் சந்தனம் வைக்க எடுத்தபோதுதான், முதல் குறிப்பில் நான், ஜாக்கால் தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஜாக் ஸ்டாண்டைச் சொல்லவே இல்லை என்பது உறைத்தது. பட்டியலில் முதலாவதாக எழுதியிருக்க வேண்டியது அது.

வண்டியோடு வரும் ஜாக், பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. வேகன் ஆர் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடைதான் என்றாலும், அது இறங்கினால் தாங்க மார்பெலும்பு போதாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்து வேலை செய்பவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அந்தக் கல் மெல்ல மெல்ல நசுங்காது, சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று வெடித்துச் சரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இரண்டு டன் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் ஜோடி 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஆணி செருகிப் பூட்டும் வகையும் உண்டு, பல்சக்கரம் போல ஏறிப் பூட்டும் வகையும் உண்டு. எதுவானாலும் கடையிலேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள். வெல்டிங் பற்றுகளை விரலால் தடவுங்கள். ஓரிடத்தில் திட்டும் ஓரிடத்தில் பள்ளமுமாக இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட வேண்டும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்க வேண்டும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு, அடியில் போவதற்கு முன்னால், வண்டியின் தோளில் கைவைத்து நன்றாக உலுக்குங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும்.

இதைச் சேர்த்தால் ஐயாயிரம் தாண்டும். வேறு எதையாவது தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்டோபர் 5

செப்டம்பர் 14 அன்று “டார்க் ரெஞ்ச் வேண்டாம், கை அளவே போதும்” என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்று காலை மைத்துனர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். ஆயில் வடித்தாயிற்று, ஃபில்டர் மாற்றியாயிற்று. வடிகால் போல்ட்டை மாட்டும்போது, “நீங்கள் நகருங்கள் மாமா, நான் இறுக்குகிறேன்” என்று அவரே ராட்செட்டை வாங்கிக்கொண்டார். “கை அளவுக்கு இறுக்குங்கள்” என்று நானும் சொன்னேன். அவருடைய கை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் கை. இறுகி நின்ற போல்ட், இன்னும் கால் சுற்றுக்குப் பிறகு சட்டென்று இலகுவாகச் சுழலத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரையிடுக்கில் சுருள் கம்பிபோல உலோக இழை சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பின் மரை உரிந்துவிட்டது. புது எண்ணெய் கேனில், பழைய எண்ணெய் வாளியில், வண்டி ஸ்டாண்டின் மேல். பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து, மரையைப் பெரிதாக வெட்டிப் பெரிய போல்ட் போட்டுக் கொடுத்தார். 1,400 ரூபாய். குறை மைத்துனர்மேல் இல்லை. “கை அளவு” என்று சொன்னேனே, அந்தச் சொல்லுக்கு ஓர் அளவே கிடையாது.

என் வண்டியின் கையேட்டில் சக்கர நட்டுக்கு 85 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. வடிகால் போல்ட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதே நீளக் கைப்பிடியால் இரண்டையும் இறுக்கும்போது வித்தியாசம் தெரியாமல் போவது இயல்பு. அரை அங்குல முனையுள்ள, “கிளிக்” என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் மாலையில் போய் 2,600 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். அளவு 28 முதல் 210 வரை. வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். ஏற்றியே வைத்தால் உள்ளேயுள்ள ஸ்பிரிங் தளர்ந்து பொய் சொல்லத் தொடங்கும். போல்ட்டைக் கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. தனியாக வாங்க மனமில்லாவிட்டால் ஒரே குடியிருப்பில் நான்கு பேர் சேர்ந்து வாங்குங்கள். ஆண்டுக்கு மூன்று முறை எடுக்கும் கருவி அது.

அக்டோபர் 6

நேற்றைய குறிப்பில் விட்டது: வடிகால் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். 20, 30 ரூபாய்ச் சாமான். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கிவிட்டதால் எண்ணெய் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம். மரை போவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பம். மைத்துனரின் வண்டியில் இருந்ததும் பழைய வாஷர்.

அக்டோபர் 12

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். கண்ணாடிக் கூடு, கதவுக் கைப்பிடி, உள்பக்க பிளாஸ்டிக், டிக்கித் தாழ்ப்பாள், சக்கர மூடி ஆகியவற்றை நான் அங்கேதான் வாங்குகிறேன். புதிதில் 1,500 சொன்ன இடதுபக்கக் கண்ணாடியைக் கூட்டோடு 450க்கு எடுத்தேன். வாங்கும்போது அதே ஆண்டு வண்டியிலிருந்து கழற்றியதா என்று பாருங்கள், ஒயர் முனையிலுள்ள சாக்கெட்டின் ஊசிகளை எண்ணுங்கள்.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் தொடர்பான எதையும் அங்கே வாங்காதீர்கள். பிரேக் பேடில் பணம் மிச்சம் பிடிக்க வேறு நேர்வழி இருக்கிறது. கார் நிறுவனங்கள் பிரேக்கைத் தாங்களே வார்ப்பதில்லை. செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தம் சொந்தப் பெயரிலும் அவற்றை விற்கின்றன. நம்மூர் சென்னையின் பாடியிலேயே 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, டிவிஎஸ் கர்லிங் என்ற பெயரில் விற்பது அப்படித்தான். அதே பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. கார் நிறுவனத்தின் பெட்டிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இங்கே மிச்சமாகும், தரத்தில் குறை வராது.

ஆனால் பேடை வாங்குவது வேறு, மாட்டுவது வேறு. முதல் ஆண்டில் பிரேக்கில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். பேடை வாங்கிக்கொண்டு போய்த் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். நான் இரண்டு முறை அப்படி நின்ற பிறகுதான் தொட்டேன்.

பிரேக் ஆயிலைச் சிறிய பாட்டிலாக வாங்குங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் பிரேக் மிதி சப்பென்று உள்ளே போவதற்கு இதுவும் ஒரு காரணம். திறந்து மூடிய அரை பாட்டிலை அடுத்த ஆண்டுக்கு வைப்பது சிக்கனம் ஆகாது.

அக்டோபர் 18

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு, மழை தொடங்கிவிட்டது. வைப்பரின் ரப்பரை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் போதும். நீளத்தை அளந்துகொண்டு போங்கள், இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இராது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டுக்குப் பதிலாகக் கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ ஊற்றாதீர்கள். எங்கள் பகுதித் தண்ணீரில் குக்கரின் அடியிலேயே வெள்ளைப் படிவம் படிகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கலந்தே வரும் கூலண்ட் வாங்குங்கள். இல்லாவிட்டால் அடர்த்தியானதை வாங்கிப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்துகொள்ளுங்கள். நம்மூரில் உறைபனி இல்லையே என்று வெறும் தண்ணீரோடு ஓட்டக் கூடாது; துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் கூலண்டின் வேலைதான். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

நவம்பர் 2

கேள்வி கேட்ட நண்பர், தாம் இணையத்தில் வாங்கிய மூன்று பிளக்குகளின் படத்தைப் போட்டிருக்கிறார். எனக்கு அவை போலியாகவே படுகின்றன. கையேட்டின்படி என் வண்டிக்குப் போடுவது என்ஜிகே கம்பெனியின் கேஆர்6ஏ-10. கடைசியில் உள்ள 10 என்பது தீப்பொறி பாயும் முனைகளுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். உங்கள் படத்தில் ஒன்றின் முனை நடுக்கம்பியை விட்டுப் பக்கவாட்டில் விலகி நிற்கிறது. வெள்ளைப் பீங்கான்மேல் உள்ள எழுத்து நகத்தால் சுரண்டினால் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல பிளக்கில் அது வராது. மரையில் பிசிறு இருக்காது, வாஷர் விரலால் சுற்றினால் சுற்றும், கழன்று கையோடு வராது. 60 ரூபாய் மட்டத்தில் விலை போட்டு, விற்பவர் பெயரே தெரியாத பக்கத்தில் இதை வாங்காதீர்கள்; வாங்கியவற்றைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்த இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் ஒன்று 150 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டும்போது, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, நீட்டிப்புக் கம்பியை மட்டும் விரலால் சுழற்றி மரையில் ஏற்றுங்கள். விரலுக்கு வராவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. பின்னால் சுழற்றி மறுபடி தொடங்குங்கள். விரலோடு நின்ற இடத்திலிருந்து, புது பிளக்குக்கு அரைச் சுற்று. ஏற்கெனவே ஒருமுறை இறுக்கிய பிளக்கானால் வாஷர் நசுங்கியிருக்கும், கடிகாரத்தின் மணி முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரமே போதும். மேலே சொன்ன டார்க் ரெஞ்ச் தொடங்குவதே 28இல் என்பதால் பிளக்குக்கு அது ஆகாது. இதையும் நான் அக்டோபர் 5 அன்றே எழுதியிருக்க வேண்டும்.

நவம்பர் 16

ஆயிலை நீங்களே மாற்றி, கசிவில்லாமல் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டீர்கள் என்று படித்தேன். மனம் நிறைந்தது. கணக்கையும் போட்டிருக்கிறீர்கள்: கருவிகளுக்கு 6,900, ஆயிலுக்கும் இரண்டு ஃபில்டருக்கும் 2,150. ஐயாயிரத்துக்குள் முடியவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். கருவிச் செலவு இந்த ஒரு முறைதான்; அடுத்த முறை இரண்டாயிரத்துச் சொச்சம் மட்டுமே.

பழைய எண்ணெயை என்ன செய்வது என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சாக்கடையிலோ காலிமனையிலோ ஊற்றாதீர்கள். 2016ஆம் ஆண்டின் விதிகள் அதை அபாயகரமான கழிவு என்று வகைப்படுத்தியிருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், நம் தெருவில் குடிக்கும் தண்ணீர் பலருக்கு முப்பதடி ஆழத்திலிருந்துதான் வருகிறது. பழைய ஃபில்டரை வாளியின்மேல் ஓர் இரவு கவிழ்த்து வடியவிடுங்கள். எண்ணெயை அது வந்த கேனிலேயே ஊற்றி மூடி, மேலே “பழைய எஞ்சின் ஆயில்” என்று எழுதுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்கு எண்ணெய் கொடுக்கும் பெரிய பட்டறையாகப் பார்த்து விசாரித்துக் கொடுங்கள். எங்கள் பகுதிப் பட்டறையில் பீப்பாய் வைத்திருக்கிறார்கள், காசு கேட்பதில்லை. உங்கள் மூன்று லிட்டரையும் நீங்கள் தாம்பரம் பக்கம் வந்தால் என்னிடமே கொடுக்கலாம், என்னுடையதோடு சேர்த்து எடுத்துச் செல்கிறேன்.

சனிக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போகிறேன். வடிகால் போல்ட்டின் வாஷர் பத்து வாங்கப் போகிறேன், உங்களுக்கு ஐந்து எடுத்துவைக்கட்டுமா?